பெல்லன்வில - அத்திடிய சதுப்பில் ஞாயிறு ரோந்து: நான் போகலாமா?

வங்காலைப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மன்னார். நாலு வருடமாக வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்துகொண்டு ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை எக்செல், சனிக்கிழமை உடுப்புத் தோய்ச்சல், ஞாயிறு காலையில் ஒன்றுமில்லை. அந்த ஞாயிறு காலையைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

ஊரில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் வங்காலைச் சரணாலயம். பூநாரை வந்து நிற்கும் காலத்தில் அப்பா எங்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எல்லா ஊரிலும் பூநாரை நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த இடம் 2010இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்பதே கொழும்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

போன மாதம் அலுவலகத் தோழி ஒருத்தி பொரலஸ்கமுவவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பெல்லன்வில தாண்டியதும் பஸ் யன்னலுக்கு வெளியே ஒரே பச்சை. நடுவில் தண்ணீர், தண்ணீரில் கொக்கு. கொழும்பில் இப்படி ஒரு வெளியா என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். அது சரணாலயம் என்றும், தன் மாமா உட்படச் சிலர் ஞாயிறு காலையில் அதைச் சுற்றி நடந்து, யார் மண் கொட்டுகிறார்கள், யார் வலை கட்டுகிறார்கள் என்று எழுதி வைப்பார்கள் என்றும் சொன்னாள். ஆள் குறைவாம். விருப்பம் என்றால் வரலாமாம்.

விருப்பம் இருக்கிறது. ஆனால் என் சிங்களம் சந்தையில் விலை பேசும் அளவுதான், ஒருவரோடு வாதாட வராது. கையில் கொப்பியும் கமெராவுமாக விடியப்புறம் ஒரு தமிழ்ப் பிள்ளை சதுப்பில் நின்றால் யாராவது வந்து கேள்வி கேட்க மாட்டார்களா? பிழை நடப்பதைக் கண்டால் நான் என்ன செய்ய முடியும்? எனக்கு அதில் என்ன அதிகாரம்? வீட்டுக்கார அன்ரியிடம் சொன்னதற்கு, "விடிய அஞ்சரைக்கு சேத்துக்குள்ள இறங்கிறதுக்கே உன்னை கொப்பர் கம்பசுக்கு அனுப்பினவர்?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

போனவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கொலன்னாவ ரவி:

தங்கச்சி, நல்ல மனசுதான். ஆனால் உள்ளதைச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

2016 மே மாதம் எங்கள் வீட்டு யன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது. மேல் மாடி அயல்வீட்டில் மூன்று இரவு இருந்தோம். தண்ணீர் போய் நிற்க வேண்டிய சதுப்பில் வீடுகள் நின்றதால் தண்ணீர் என் வீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான் கணக்கு. இரண்டு வருடம் கழித்துக் கொழும்பை ராம்சார் ஈரநில நகரம் என்று அறிவித்தார்கள். உலகத்திலேயே முதல் 18 நகரங்களில் ஒன்றாம். நல்லது. அந்தச் செய்தியை நான் வாசித்தபோது எங்கள் சுவரில் தண்ணீர்க் கோடு இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் நடந்து கொப்பியில் எழுதி என்ன ஆகப்போகிறது? பின்னால் பெரிய ஆள் இருந்தால் அந்தக் கொப்பி கடலை சுற்றத்தான் உதவும். குருவி பார்க்க ஆசை என்றால் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கள். டிக்கெட் எடுத்தால் பலகைப் பாதையில் கால் நனையாமல் நடக்கலாம். அன்ரியும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஹாட்வெயார்க்காரன்:

பிள்ளை, நான் தெஹிவளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். வயது 58. ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் அந்தச் சதுப்பைச் சுற்றி நடக்கிறேன். தவறாமல் என்பது பொய்தான், கடும் மழையென்றால் தவறும். உன் தோழியின் மாமா எங்கள் குழுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு குழு இல்லை.

நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குருவி ஆசையில் போனவன் இல்லை நான். ஒரு நாள் கடைக்கு ஒருவர் வந்து பத்தடித் தகரம் நாற்பது கேட்டார். ரொக்கம். பேரம்கூடப் பேசவில்லை. கடைப் பொடியன் ஒவ்வொரு கட்டிலும் மேல் தகரத்தின் மூலையில் நீலப் பெயின்ற்றால் பில் இலக்கத்தை எழுதுவான், லொறியில் மாறிப் போகாமல் இருக்க. அவன் 7ஐ நடுவில் ஒரு கோடு போட்டு, கொஞ்சம் சரித்து எழுதுவான். எத்தனை தரம் சொல்லியும் மாற்றவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு கலியாணத்துக்குப் பொரலஸ்கமுவப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறேன், சதுப்போரம் புதிதாக ஒரு தகர வேலி. வேலிக் காலடியில் தண்ணீர் நிற்கிறது. மூலையில் நீல நிறத்தில் சரிந்த 7.

கலியாண வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். அங்கேதான் அந்த மாமாவைச் சந்தித்தேன். அவர் அந்த வேலியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இது உங்கட காணியோ?" என்று கேட்டார். "காணி இல்லை, தகரம் என்ரை" என்றேன்.

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன்.

அதிகாரம் ஒன்றும் கிடையாது. இதை முதலிலேயே மனதில் எழுதிக்கொள். அந்த இடம் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 372 ஹெக்டயர், வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகிறது. சட்டத்தை அமல்படுத்துவது அவர்களின் உத்தியோகத்தர்கள், அல்லது பொலிஸ். நாம் வாகனத்தை மறிப்பதில்லை, ஆளைப் பிடிப்பதில்லை, யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. அதோடு சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு. சரணாலயத்துக்குள் தனியார் உறுதிக் காணிகளும் இருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் நின்று கங்குன் கீரை பிடுங்கும் அம்மாவைக் கள்ளியைப் பார்ப்பது போலப் பார்த்தாயானால் நீ தொலைந்தாய். அவர்தான் எங்களுக்குப் பாதித் தகவல் தருபவர். அவரிடம் ஒரு கட்டு என்ன விலை என்று கேள், வாங்கு, பிறகு கதை தானாக வரும். சந்தைச் சிங்களம் என்றாயே, அங்கே வேண்டியதும் அந்தச் சிங்களம்தான். வாதாடும் சிங்களம் தேவைப்படுகிற இடத்துக்கு நாங்கள் போவதே இல்லை.

சதுப்பு எப்படிக் காணாமல் போகிறது என்று கடைக்காரன் பார்வையில் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால்தான் எதைப் பார்ப்பது என்று புரியும். ஒரே நாளில் எவனும் மூடுவதில்லை. முதலில் வருவது உடைத்த வீட்டுக் கழிவு: கல், டைல் துண்டு, கொமட் துண்டு. கொட்ட இடம் தேடி அலையும் லொறிக்காரனுக்கு இடம் கிடைக்கும், காணிக்காரனுக்குச் சும்மா அடித்தளம் கிடைக்கும். அப்புறம் இரவில் டிப்பரில் செம்மண், ஒரு தரத்துக்கு இரண்டு மூன்று கியூப். பிறகு ஒரு மாரி முழுக்கச் சும்மா விட்டுவிடுவார்கள். மண் இறுகும், மேலே புல் முளைக்கும். புல் முளைத்த பிறகு நாலு வாழைக்கன்று நடுவார்கள். இந்த வாழைக்கன்றில்தான் எல்லாரும் ஏமாறுவது. வாழை நின்றால் பார்ப்பவனுக்கு அது தோட்டம். அது நேற்றுவரை தண்ணீராக இருந்தது என்று யாருக்கும் தோன்றாது. பிறகு கம்பம், தகரம், கொட்டில், லைட்.

தாழ்நிலத்தை நிரப்புவதற்குக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி வேண்டும். அதிகாரி வந்து கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இது எப்பவும் மேட்டுக் காணிதான் சேர்." அந்த 'எப்பவும்' என்ற சொல்லை உடைக்கத்தான் எங்கள் கொப்பி. பதினொரு இடம் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரே லைட் கம்பத்தோடு முதுகை வைத்து நின்று ஒரே திசையில் ஒரு படம். ஒவ்வொரு ஞாயிறும் அதே படம். வேறு ஒன்றும் இல்லை. சலிப்பான வேலை, ஒளிக்கவில்லை. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் மூன்றாம் கிழமை வரமாட்டார்கள், ஏனென்றால் மூன்றாம் கிழமையும் அதே கம்பம்.

கொலன்னாவத் தம்பி, கடலைக் கதைக்கு வருகிறேன். அந்தத் தகர வேலிக்காரர் விஷயத்தில் நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டேன், தமிழிலேயே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தகவல் தருகிறோமா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மேன்முறையீடு போட்டேன். பதில் சிங்களத்தில் வந்தது. தமிழில் தாருங்கள் என்று திரும்ப எழுதினேன். கடைசியில் ஒரு வரி வந்தது: குறித்த காணியை நிரப்ப அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை. அந்த ஒரு வரிக்கு ஐந்து மாதம். ஆனால் அந்த வரியையும் தேதியோடு ஒன்பது படத்தையும் ஒன்றாகக் குத்திக் கொடுத்த பிறகு டிப்பர் வரவில்லை. வேலியும் ஒரு நாள் இல்லாமல் போனது. கொட்டிய மண்ணை யாரும் எடுத்துப் போகவில்லை, அது இன்றைக்கும் அங்கேயே ஒரு திட்டாகக் கிடக்கிறது, மேலே புல். ஆக, கடலை சுற்றவும் இல்லை, முழுதாக வெல்லவும் இல்லை.

தமிழ்ப் பிள்ளை, கொப்பி, கமெரா என்று கேட்டாயே. நியாயமான பயம். பக்கத்திலேயே இரத்மலானை விமான நிலையம், தலைக்கு மேலே பிளேன் இறங்கும். முதல் வருடம் நான் தனியாகத் தொலைநோக்கியோடு நின்றபோது சீருடை போட்ட ஒருவர் வந்து, என்னைக் கூட்டிப்போய் ஒரு வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருத்தினார். கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், எல்லாம் தமிழ். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு பக்கத்தைக் காட்டினார். "தாழைக்கோழி 11, குஞ்சு 4" என்று வாசித்தேன். சிங்களத்தில் அதன் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. நீலக் கோழி, சிவப்பு மூக்கு என்று கையால் காட்டினேன். அவர் நம்பினாரா தெரியாது. அடையாள அட்டையைப் படம் எடுத்துவிட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு மூன்று பழக்கம்: தனியாகப் போவதில்லை, விமான நிலையப் பக்கம் கமெராவைத் திருப்புவதில்லை, கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி சிங்களத்தில். தேதி, இடம், என்ன வேலை. மிச்சத்தைத் தமிழில் எழுதிக்கொள். அந்தப் பகுதி வனசீவராசிகள் உத்தியோகத்தருக்கு நாங்கள் யார் யார் என்று தெரியும், பெயர் கொடுத்திருக்கிறோம். நீயும் வருகிறாயானால் உன் பெயரையும் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவாய்.

கண்ணுக்கு என்ன படும் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விடியும்போது தாழைக்கோழி கத்தும். இலைக்கு மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி, நத்தை குத்தி நாரை, கம்பத்தில் சிறகை விரித்துக் காயவிடும் நீர்க்காகம். கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு உன்னைக் கணக்கில் எடுக்காது, நீயும் எடுக்காதே. ஒரு மரம் காட்டுவார்கள், பார்த்தால் ஊர் அன்னமுன்னா மாதிரியே காய். சிங்களத்தில் வெல் ஆத்தா. பெயரைக் கேட்டதும் எங்கள் குழுவில் ஒரு தமிழ்நாட்டுப் பொடியன் கும்பிட்டே விட்டான். அந்த ஆத்தா வெளிநாட்டுக்காரி. வேர் பிடித்தால் சதுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காடாக்கிவிடுவாள்.

மீன்பிடிப் பூனையை ஒன்பது வருடத்தில் இரண்டே தரம் கண்டேன். ஒரு தரம் உயிரோடு, விடிய முன்னம், வாய்க்கால் ஓரம் குந்தியிருந்து தண்ணீரை ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் அதைச் சிறுத்தைக் குட்டி என்று சொல்லிப் பயப்படுவார்கள். உடம்பில் புள்ளி இருப்பதால் வரும் குழப்பம். மற்றத் தரம் சுருக்கில். மோட்டார் சைக்கிள் கிளச் வயரை ஒரு முழம் வெட்டி, முனையை வளைத்து, புல்லுக்குள் பூனை நடந்து நடந்து தேய்ந்த தடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். மற்ற முனை வெல் ஆத்தா மரத்தின் அடியில் கட்டியிருந்தது. வயர் புதியது, கிரீஸ் பூசின பளபளப்பு இன்னும் இருந்தது. என் கடையிலேயே விற்கிற சாமான். பூனை இடுப்பில் மாட்டியிருந்தது. அது சீறின சீறலில் நாங்கள் மூன்று பேரும் பத்தடி பின்னால் போய்விட்டோம். 1992க்கு அடித்தோம், அதுதான் வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம், போனில் போட்டு வைத்துக்கொள். அவர்கள் வரும்வரை செய்ததெல்லாம் ஒன்றுதான்: ஒரு சாக்கை விரித்துப் பிடித்து வெயில் படாமல் மறைத்துக்கொண்டு, ஆட்களைக் கிட்ட விடாமல் நின்றோம். நீயாக அறுத்துவிட நினைக்காதே. வயிற்றில் வயர் இறங்கிய பூனை ஓடிப்போய்ப் புதருக்குள் சாகும். அன்றைக்கு மயக்க மருந்து போட்டுத்தான் எடுத்துப் போனார்கள். பிழைத்ததா என்று இரண்டு தரம் கேட்டேன். வைத்தியம் நடக்கிறது என்றார்கள். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

மற்றது, சித்திரை வருடப்பிறப்பு. நீண்ட விடுமுறை, கந்தோரெல்லாம் பூட்டு, ஊரே பலகாரம் சுடும். மண் கொட்டுகிறவனுக்கு அதுதான் நல்ல முகூர்த்தம். நாங்களும் சிங்களவரும் அந்தக் கிழமை வீட்டில் இருப்போம் என்பதால், தெஹிவளை முஸ்லிம் நண்பர்கள் இரண்டு பேர் தங்கள் மகன்மாரோடு பதினொரு கம்பத்தையும் பார்த்து முடிப்பார்கள். பெருநாளுக்கு நாங்கள் அவர்களின் பங்கையும் பார்ப்போம். வட்டிலப்பம் எங்கள் கூலி.

தெஹிவளையிலிருந்து 119 பஸ். பொலிஸ் அவசர இலக்கமும் அதேதான், மறக்க மாட்டாய்.

தாதி அக்கா:

அண்ணா எல்லாம் சொன்னார், காலில் என்ன போடுவது என்று மட்டும் சொல்லவில்லை. ஆம்பிளைகள் அப்படித்தான்.

நான் இந்தக் குழுவில் இல்லை, தலங்கமச் சதுப்புப் பக்கம் ஒரு வருடம் போனேன். என் தொழில் என்னவென்று பெயரைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு மழைக்காலமும் எங்கள் வார்டில் எலிக்காய்ச்சல் நோயாளர் வருவார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் கிருமி இருக்கும். காலில் உள்ள சின்னக் கீறல், வெடிப்பு போதும் அது உள்ளே போக. ஆகவே கம் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். ஷேவ் செய்த அல்லது கீறல் பட்ட காலோடு தண்ணீரில் நிற்க வேண்டாம். வயல் வேலைக்காரருக்கு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் முற்காப்பு மாத்திரை கொடுப்பார்கள். உங்களுக்குத் தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள், பார்மசியில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் சதை நோவு, கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால் பனடோலோடு படுக்காமல் போய்க் காட்டுங்கள். போகும்போது "நான் சதுப்பில் நடந்தனான்" என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். கணக்காய்வுப் பிள்ளையிடம் எந்த டொக்டரும் அதைக் கேட்க மாட்டார்.

புல்லுக்குள் கால் வைக்கும் முன் தடியால் தட்டுங்கள். புடையன் பாம்பு சத்தம் கேட்டு விலகுகிற சாதி இல்லை, அதற்குத் தரை அதிர வேண்டும்.

மற்றது, யாரும் எழுதாத விஷயம்: மூன்று மணித்தியாலம் நடந்தால் டொய்லெட் வேண்டும். ஆம்பிளைகளுக்கு மரம் போதும். எங்கே போகலாம் என்று முதல் நாளே அந்த மாமாவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். நான் கேட்காமல் தண்ணீர் குடிக்காமலே நடந்து, ஒரு நாள் தலை சுற்றி விழுந்தேன். அன்ரிக்கு வட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டு விடுங்கள். இரண்டு கிழமையில் அவரே அதைப் பார்த்து, "இண்டைக்கு ஏன் அந்தப் பக்கம் போகேல்லை?" என்று கேட்கத் தொடங்குவார். எங்கள் அம்மா அப்படித்தான் ஆனார்.

வங்காலைப்பிள்ளை:

மூன்று ஞாயிறு போய்விட்டு எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதல் நாள் அன்ரி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் கதவைத் திறக்கும்போது மேசையில் சம்பல் பாண் சுற்றி வைத்திருந்தது. தாதி அக்கா, கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேட்டேன். மாமாவின் நண்பர் ஒருவரின் வீடு ஆறாம் கம்பத்துக்குப் பக்கத்தில், அங்கே பிளேன்ரீயும் உண்டு.

பூட்ஸ் எனக்கு இரண்டு அளவு பெரிது. சேறு இழுத்துக்கொண்டது, நான் வெறும் காலுறையோடு ஒற்றைக் காலில் நின்றேன். கங்குன் அம்மா கரையில் இருந்து சிரித்த சிரிப்புக்குச் சிங்களம் தேவைப்படவில்லை. விலை கேட்டேன். பிறகு அவர் சொன்னதில் பாதி விளங்கியது: வெள்ளிக்கிழமை இரவு நாய்கள் குரைத்தனவாம், ஏழாம் கம்பப் பக்கம். போய்ப் பார்த்தோம். டயர்த் தடம் இருந்தது, மண் இல்லை. இடம் பார்க்க வந்திருப்பார்கள் என்றார் அண்ணா. எழுதினோம்.

இரண்டாம் கிழமை எனக்குக் கொப்பியைத் தந்தார்கள். கணக்குக்காரி என்பதால் இருக்கும். அண்ணா, கோபிக்க வேண்டாம், கொப்பி வைத்திருக்கும் விதம் சரியில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கண்டதை எழுதுகிறீர்கள், போன ஞாயிறின் மீதியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பதில்லை. நான் வீட்டுக்குக் கொண்டுபோய், கம்பத்துக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, பெப்ரவரியிலிருந்து வரிசையாக எழுதிப் பார்த்தேன். நாலாம் கம்பத்தில் பெப்ரவரியில் சீமெந்துத் தூண் ஆறு. மார்ச்சில் ஏழு. அதன் பிறகு யாரும் எண்ணிக்கை எழுதவே இல்லை, "தூண்கள் உண்டு" என்று மட்டும் இருக்கிறது. போன ஞாயிறு நான் எண்ணினேன். பத்து. படங்களை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றாகத்தான் கூடியிருக்கிறது, மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கிழமையும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. எங்கள் வேலையில் களவு அனேகமாக இந்த அளவில்தான் நடக்கும்.

தாழைக்கோழியும் கண்டேன். படம் எடுக்க மறந்துவிட்டேன்.

கொலன்னாவ ரவி:

தூண் மாதத்துக்கு ஒன்றா? எங்கள் பக்கத்திலும் அப்படித்தான் நட்டார்கள். நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

எத்தனை மணிக்குச் சந்திக்கிறீர்கள்? அப்புறம் ஹாட்வெயார் அண்ணாவிடம் ஒரு கேள்வி, பிழையாக எடுக்க வேண்டாம்: இப்போதும் தகரம் விற்கிறீர்களா?

ஹாட்வெயார்க்காரன்:

5.45, பெல்லன்வில சந்தி, பஸ் தரிப்பிடத்துக்கு எதிர்ப் பக்கம். மழை என்றால் 6.30. பூட்ஸ் எட்டாம் இலக்கம் ஒரு சோடி கடையில் மிச்சம் இருக்கிறது. ஒன்பது என்றால் சொந்தமாகக் கொண்டு வாருங்கள் தம்பி. 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போன கதை எங்கள் மாமாவிடம் கேட்க வேண்டும், அன்று அவர் ஜெயவர்தனபுரப் பக்கம் மாட்டிக்கொண்டவர். நடக்கும்போது ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு அது போதும்.

பிள்ளை, கோபம் இல்லை. புதிய கொப்பியை நீயே வைத்திரு. நாலாம் கம்பத்துக்கான கடிதத்தை இந்தக் கிழமையே எழுதுவோம். தூண்களை ஒவ்வொன்றாகப் படத்தில் வட்டம் போட்டுக் கொண்டு வா.

தகரம் விற்கிறேன் தம்பி. விற்காமல் எப்படிச் சாப்பிடுவது? எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்பேன், பாதிப் பேர் பொய் சொல்வார்கள். பொடியன் இன்னும் 7ஐ அப்படித்தான் சரித்து எழுதுகிறான். மாற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.